சோத்தாங்கை

புருஷனுக்குச் சோறு ஊட்டிவிடுவதெல்லாம் முதல் நாலு நாளைக்குத்தான் நன்றாக இருக்கும். தெருவே பார்த்து மூக்கில் விரல் வைக்கும். அன்னக்கிளிக்கு அந்த நாலு நாளும் தை மாதத்திலேயே முடிந்துபோயிற்று. இப்போது ஆனி நடக்கிறது. மூன்று வேளையும் மூக்காண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைத் திறப்பான். அவள் உருட்டிப் போடுவாள். "உருண்டை பெருசா இருக்கு" என்பான். சின்னதாக உருட்டினால், "கோழிக்கா போடுத?" என்பான். அவன் மென்று முடிக்கிறவரை அடுத்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் அவன் இவ்வளவு நிதானமாக மெல்லுகிறவன் என்று அவளுக்குத் தெரிந்ததில்லை. ஆரம்பத்தில் அந்தத் தாடையைப் பார்க்கச் சலிப்பாக இருந்தது. இப்போது சில வேளை வெறுப்பாகவே வந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எழுபத்தெட்டாம் வருஷம் அது. சங்கரன்கோவிலில் தெருவுக்குத் தெரு கரெண்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. மூக்காண்டி சுயம்புலிங்கம் முதலாளியின் தறி ஷெட்டில் நாலு தறியை ஒற்றை ஆளாகப் பார்த்தவன். அன்னக்கிளி அதே ஷெட்டின் மூலையில் உட்கார்ந்து தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூல் கட்டைக்குத்தான் தார் என்று பெயர். பொங்கல் முடிந்த வாரம், காலைக் குளிருக்குத் தோளில் கிடந்த துண்டின் நுனி மேலே ஓடுகிற பெல்ட்டில் சிக்கியது. துண்டு போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். எந்த ஆம்பளை விடுவான்? பிடித்து இழுத்தான். பெல்ட்டு துண்டையும் எடுத்துக்கொண்டது, கையையும் எடுத்துக்கொண்டது. தறிச் சத்தம் மாறியதைக் கேட்டுத்தான் அன்னக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததை அவள் இன்றுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

வலது கை. முழங்கை மூட்டு நொறுங்கி, மேல்தோல் உரிந்து தொங்கியது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, அன்றைக்கே வாடகைக் காரில் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட வந்த மூக்காண்டியின் அண்ணன் துரைப்பாண்டி, "எடுத்துருவாங்க, மனசத் தேத்திக்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே இருந்த டாக்டர் நஜ்முதீன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். "சூடு இருக்கு. அசைக்கவும் செய்யுதான். எடுக்க வேண்டாம், பாப்போம்" என்றார்.

பார்த்தார்கள், பார்த்தார்கள், அப்படிப் பார்த்தார்கள். எலும்புத் துணுக்குகளைக் கழுவி எடுத்தார்கள். கம்பி கோத்தார்கள். மேலே மூடுவதற்குத் தோல் இல்லை என்று வயிற்றின் பக்கத்துத் தோலைக் கிளப்பி முழங்கையில் வைத்துத் தைத்து, கையை வயிற்றோடு மூன்று வாரம் கட்டிப்போட்டார்கள். ஒட்டிக்கொண்ட பிறகு அறுத்துப் பிரித்தார்கள். உள்ளே சீழ் வைத்தது. மறுபடி திறந்தார்கள். வைகாசி முடிந்து புண் ஆறியபோது கை இருந்தது, விரல் ஐந்தும் இருந்தது, நூலைக்கூடப் பிடிக்க முடிந்தது. நடுவில் மூட்டு என்ற ஒன்றுதான் இல்லை. தொட்டில் கட்டிக் கழுத்தில் மாட்டாவிட்டால் கை தன்பாட்டுக்கு ஆடியது.

ஆனி மாதம் ஒரு நாள் நஜ்முதீன் இருவரையும், கூட வந்திருந்த துரைப்பாண்டியையும் உட்காரவைத்துப் பேசினார். "மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒண்ணாச் சேத்துத் தகடு வச்சு முடுக்கிருவேன். இடுப்பு எலும்புல கொஞ்சம் எடுத்து நடுவுல வைக்கணும். கை பலமாயிரும். ஆனா அதுக்கப்புறம் ஆயுசுக்கும் மடங்காது. எந்த அளவுல வைக்கேனோ அதே அளவுலதான் நிக்கும்."

"எந்த அளவுல வைப்பீங்க, டாக்டரையா?"

"அத நீதான் சொல்லணும். மடக்கி வச்சா கை வாய்க்கு எட்டும், நீயே சாப்பிடலாம். தூரத்துல ஒண்ணையும் எட்டிப் பிடிக்க முடியாது. நீட்டி வச்சா வேலைக்கு ஆகும், வாய்க்கு எட்டாது. ரெண்டையும் மாவுக்கட்டு போட்டுத் தாரேன். ஒரு வாரம் மடக்கி, ஒரு வாரம் நீட்டி. வீட்டுல இருந்து பாத்துட்டு வந்து சொல்லு."

மூக்காண்டி தலையைச் சொறிந்தான். டாக்டர் சிரித்தபடி, "எங்கிட்ட கேட்டா நீட்டித்தான் வைக்கச் சொல்லுவேன். இடது கைதான் சும்மா இருக்கே. அதால சாப்பிடு. அந்தக் கை செய்யுத காரியத்த இந்தக் கை செய்யட்டும். நீட்டுன கை அதுக்கு நல்லாவே எட்டும்" என்றார்.

துரைப்பாண்டி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஏதோ கெட்ட வார்த்தை கேட்டுவிட்ட மாதிரி மூக்காண்டி கீழே பார்த்தான். அன்னக்கிளிக்கும் அப்போது அசிங்கமாகத்தான் பட்டது. படித்தவர், உயிரோடு கையைக் காப்பாற்றிக் கொடுத்தவர், இப்படியா பேசுவார் என்று நினைத்தாள். முன்பு வார்டில் ஒரு நர்ஸ் இடது கையில் கரண்டியைக் கொடுத்தபோதும் மூக்காண்டி அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டான். கரண்டி பிடித்தாலும் பீச்சாங்கை பீச்சாங்கைதானே. "பீச்சாங்கையால திங்கிறவன் பக்கத்துல பந்தியில எவன் உக்காருவான்?" என்று அன்று அவன் கேட்டது அன்னக்கிளிக்கும் நியாயமாகத்தான் பட்டது. இப்படித்தான் நல்லபடியாக இருக்கிற ஒரு கையை வீட்டில் வைத்துக்கொண்டு அரை வருஷமாக அவள் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் மடக்கிய கட்டு. கை நெஞ்சுக்கு மேலே, தாடையைத் தொடுகிற மாதிரி நின்றது. அன்று மத்தியானம் மூக்காண்டி தலையைக் கொஞ்சம் குனிந்து, தன் விரலால் தானே ஒரு வாய் சோறு எடுத்துப் போட்டுக்கொண்டான். அன்னக்கிளி எதிரே தன் தட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றில் ஆவி பறந்தது. சுடச்சுட அள்ளித் தின்றாள். நாக்கு சுட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. தெருமுனை அம்மனுக்கு அப்போதே ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள், இந்தக் கை இப்படியே நிற்க வேண்டும் என்று.

அந்தத் தேங்காய்க்கு ஆயுள் மூன்றே நாள். மூக்காண்டி தறி ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தான். பாவில் நீளவாக்கில் ஓடுகிற இழை ஒன்று அறுந்தால் குறுக்கே எட்டிப் பிணைக்க வேண்டும். மடங்கிய கை எட்டவில்லை. உடம்பையே தறிமேல் சாய்த்தான். சுயம்புலிங்கம் முதலாளி பதறிப்போய்ப் பிடித்து இழுத்தார்.

"இப்படின்னா எனக்கு ஆகாதுப்பா. மிச்சம் இருக்கதும் தறிக்குள்ள போச்சுன்னா உம் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்லுவா? எட்டிப் பிணைக்கிற மாதிரி கை இருந்தா வா. உன் தறிய வேற யாருக்கும் தரமாட்டேன்."

திரும்பி வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். போகிற வருகிறவனோடெல்லாம் வம்பு. அன்னக்கிளி ஷெட்டிலிருந்து வந்தால், "இவ்வளவு நேரமா தார் சுத்துன?" அவள் தலை சீவினால், "எங்கன போறதுக்கு?" குழம்பில் உப்பு, தெருவில் நாய், ராயகிரியில் கட்டிக்கொடுத்த மகள் வந்து எட்டிப் பார்க்காதது, எல்லாவற்றுக்கும் அன்னக்கிளியே பொறுப்பு. நன்றாக இருந்த காலத்தில் அதிர்ந்து பேசாதவன். சாப்பாட்டை மட்டும் தானே சாப்பிட்டான். அதைச் சம்பாதிக்க அவள்தான் ஓட வேண்டும், சம்பாதித்ததை ஆக்க வேண்டும், ஆக்கியதற்குப் பேச்சும் வாங்க வேண்டும். அந்த வாரக் கடைசியில் அவளுக்குச் சுடுசோறும் இறங்கவில்லை.

அடுத்த வாரம் நீட்டிய கட்டு. முழுக்க நீட்டாமல் கொஞ்சம் வளைவு விட்டுப் போட்டிருந்தார் டாக்டர். மறுநாளே மூக்காண்டி ஷெட்டுக்குப் போனான். அன்னக்கிளி தார் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அறுந்த இழையை நீட்டிய கையின் இரண்டு விரலால் எட்டிப் பிடித்து, இடது கையை அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டான். தறி ஓடியது. பெல்ட்டைப் பார்த்தபோது மட்டும் ஒரு கணம் நின்றான். பிறகு தள்ளி நின்று வேலை பார்த்தான். சாயங்காலம் புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அவளோடு நடந்து வந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகம் அவன் முகமாக இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு அவன் சம்மணம் போட்டான். வாயைத் திறந்தான்.

அந்த வாரத்தில்தான் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவும் வந்தது. பனவடலிசத்திரத்திலிருந்து அன்னக்கிளியின் அண்ணன் கருத்தப்பாண்டி குடும்பத்தோடு வந்து இறங்கினார். மூக்காண்டி அவர்கள் முன்னால் வாயைத் திறப்பானா? "நான் அப்பவே சாப்ட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். கருத்தப்பாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்னட்டி, மாப்ளைக்குத் தெனமும் ஊட்டித்தான் விடுதியாமே? எனக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்ல பாரு" என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்னக்கிளியும் சிரித்துவைத்தாள். வந்தவர்களுக்குப் பரிமாறி, அவர்கள் தபசு பார்க்கக் கிளம்பிப் போன பிறகு மூக்காண்டி தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தான். அவன் சாப்பிடாமல் தான் சாப்பிடக் கூடாது என்று அவளும் காலையிலிருந்து பட்டினி.

பிசைந்தாள். ஒரு வாய் போட்டாள். இரண்டாவதை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவன் மென்று முடிக்கக் காத்திருந்தபோது அப்படியே தூங்கிப்போனாள். சுவரில்கூடச் சாயவில்லை. உட்கார்ந்தபடி, கையில் சோற்றோடு.

"ஏட்டி. சோறு."

கண்ணைத் திறந்தாள். எதிரே வாய் திறந்திருந்தது. இன்னும் இருபது வருஷமோ முப்பது வருஷமோ, மூன்று வேளையும் இந்த வாய் இப்படித் திறந்து நிற்கும் என்று தோன்றியதும் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உருண்டையை வாயில் போட்டுவிட்டுப் புறங்கையால் துடைத்தாள்.

"மிளகாய்க் கைய கண்ணுல வச்சுட்டியாக்கும்?" என்றான் மூக்காண்டி, மென்றுகொண்டே.

"ஆமா" என்றாள்.

மடக்கினாலும் அவன் சோற்றுக்கு அவள்தான், நீட்டினாலும் அவள்தான். இதில் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. அன்னக்கிளியை யாரும் கேட்கவும் இல்லை. துரைப்பாண்டி வந்து, "நீட்டியே வச்சிரு. தறி இருந்தாத்தான் ஆம்பள. ஊட்டுததுக்குப் பொண்டாட்டி இருக்கால்லா" என்றார். மூக்காண்டி தலையாட்டினான். முடிந்தது பேச்சு.

பாளையங்கோட்டை வார்டில் மாவுக்கட்டை வெட்டி எடுத்துவிட்டு, கையைத் தொட்டிலில் போட்டு உட்காரவைத்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். மத்தியானச் சுற்றில் டாக்டர் வந்து அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். அன்னக்கிளி வெளியே போய் ஒரு சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கிவந்து கட்டில்மேல் விரித்தாள். இருவருமே காலையிலிருந்து வெறும் காப்பியோடு இருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அவர்கள் ஊர்ப்பக்கத்து இளையரசனேந்தல்காரர் ஒருவர், கிணற்று மோட்டாரில் விரல் போனவர். அவரைச் சுற்றி வீட்டுப் பெண்கள் மூன்று பேர். ஆஸ்பத்திரியில் ஊட்டுவது வெட்கமில்லை. மூக்காண்டி தாராளமாக வாயைத் திறந்தான்.

அன்னக்கிளி ஒரு வாய் அள்ளி அவன் வாய்க்குக் கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது. நின்ற கையை அவள் சும்மா பார்த்தாள். பிறகு சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு, வலது கையைச் சேலை மடிப்பில் துடைத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இடது கையை நீட்டிச் சோற்றை அள்ளித் தன் வாயில் வைத்தாள்.

பாதி மடியில் விழுந்தது. மீதி வாய்க்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். பக்கத்துக் கட்டில் பெண்ணொருத்தி, "ஐயய்ய" என்றது கேட்டது. விழுங்கினாள். மறுபடி அள்ளினாள்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? எந்தக் கை அது?"

"தெரியுது."

"ஊர்க்காரங்க பாக்காங்க."

"பாக்கட்டும்."

"உனக்குத்தான் சோத்தாங்கை நல்லா இருக்கே!" என்றான் மூக்காண்டி. அவன் குரலில் அழுகை மாதிரி ஏதோ இருந்தது.

"ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அன்னக்கிளி. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடத் தெம்பில்லை. "இனிமே இந்தக் கையாலதான் திங்கப் போறேன். வீட்டுலயும் சரி, கல்யாண வீட்டுலயும் சரி. ஊரு ஏசுனா ரெண்டு பேரையும் சேத்தே ஏசட்டும், பாதிய நான் வாங்கிக்கிடுதேன். ஊட்டிவிட மட்டும் என்னால ஏலாது. நெசமாவே ஏலலைங்க. அன்னைக்குக் கண்ணுல மிளகாய் படல."

மூக்காண்டி வாயை மூடிக்கொண்டான். அவளையே பார்த்தான். சோறு ஊட்டும்போதெல்லாம் அவன் பார்த்தது வருகிற கையை மட்டும்தான். அந்தக் கைக்குப் பின்னால் இவ்வளவு மெலிந்துபோன முகம் ஒன்று இருந்ததை இப்போதுதான் கண்டான். அவள் கன்னத்தில் சாம்பார் வடிந்திருந்தது. நாலாவது வாயை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்ப மடக்கியே வைக்கச் சொல்லிருதேன்" என்றான் மெதுவாக. "தறி போனாப் போகுது."

"தறியில நின்னப்ப உங்க மூஞ்சிய நான் பாத்தேன்" என்றாள். "அது போகக் கூடாது. வாசப்படியில உக்காந்திருந்த ஆள என்னால வச்சுக்கிட முடியாது. அதுக்கு இது மேலு."

இலையை அவன் இடது பக்கமாக நகர்த்திவைத்தாள். பக்கத்துக் கட்டில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்காண்டி தன் இடது கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். எழுந்து போய்க் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினான். வந்து உட்கார்ந்தவன், மறுபடி எழுந்து போய் இன்னொரு தடவை கழுவிவிட்டு வந்தான்.

முதல் வாய் உதட்டில் பட்டு நெஞ்சில் கொட்டியது. துடைத்துவிட அன்னக்கிளியின் கை தானாக எழுந்தது. அதை மடியில் அமுக்கி வைத்துக்கொண்டாள். இரண்டாவது வாய் உள்ளே போயிற்று. அவன் மெல்லத் தொடங்கினான், அதே நிதானத்தில். அவள் அந்தத் தாடையைப் பார்க்கவில்லை. தன் பங்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் நஜ்முதீன் வந்து கட்டில் காலடியில் நின்றபோது புருஷனும் பொண்டாட்டியும் ஓர் இலையில், இரண்டு இடது கையால், மேலெல்லாம் சிந்திக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இலையைப் பார்த்துவிட்டு, "என்ன மூக்காண்டி, எப்படி வைக்க?" என்றார்.

மூக்காண்டி வாயில் இருந்ததை விழுங்கினான்.

"நீட்டியே வச்சிருங்க, டாக்டரையா. சோத்துக்குத்தான் இன்னொரு கை இருக்கே."